சொல்தா தாத்தாவின் ஒரு முழம்

எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருக்கார். புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். தவளக்குப்பத்திலும் சுற்று வட்டாரத்திலும் இப்படிச் சிலர் உண்டு. இவர் குறிபார்த்துச் சுடும் பிரிவில் இருந்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு கதை வரும். போன மே மாசம் வந்த கதையிலிருந்துதான் இந்தக் குறிப்பு.

பிரான்ஸின் தென்கடற்கரையில் ஃப்ரெஜூஸ் என்று ஒரு ஊர். அங்கே கடலோரத்தில் துப்பாக்கியைச் சரிபார்த்து, ஸ்கோப்பில் 600 மீட்டருக்கு எத்தனை க்ளிக் வைக்கணும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போயிருக்கிறார்கள். ஜூலை மாசம், 2,000 மீட்டருக்கு மேல் உயரம். அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா, நோட்டில் இருந்த அதே க்ளிக். முதல் குண்டு குறிக்கு மேலே போயிருக்கிறது. இரண்டாவதும் மேலே. "ஒரு முழம் மேல போச்சு தம்பி. எனக்கு மட்டும் இல்ல, அன்னிக்குச் சுட்டவன் எல்லாருக்கும்" என்றார்.

ஏன் தாத்தா என்று கேட்டேன். "மலை மேல பூமி இழுக்கிறது கம்மி. அதான் குண்டு விழல. எங்க சர்ஜான் அப்படித்தான் சொன்னார்."

நானும் தலையாட்டிவிட்டு வந்துட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் உறுத்தியது. பூமியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். அதில் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் இழுப்பு எவ்வளவு குறைஞ்சிடும்? எழுந்து கணக்குப் போட்டேன். 2,200 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு குறைவது 0.07 சதவீதம். 600 மீட்டர் தூரத்தில் அதனால் வரும் வித்தியாசம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. சர்ஜான் சொன்னது தப்பு. ஆனால் தாத்தா கண்ணால் பார்த்தது தப்பாக இருக்க முடியாது. அப்போ அந்த ஒரு முழம் எங்கேயிருந்து வந்தது?

காற்றிலிருந்து. ஆனால் பாதிதான் அங்கேயிருந்து. மீதி எங்கேயிருந்து என்பது எனக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது.

முதலில் காற்று. துப்பாக்கியை விட்ட நொடியிலிருந்து தோட்டா கீழே விழ ஆரம்பிக்கிறது. கையிலிருந்து நழுவிய மாங்காய் எப்படி விழுமோ அதே மாதிரிதான், வேகத்தோடு முன்னால் போவதால் விழுவது நமக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவுக்கு விழும். ஸ்கோப்பில் க்ளிக் வைப்பது எல்லாம், விழப்போகிற அளவுக்குக் குழலை முன்கூட்டியே தூக்கிப் பிடிக்கத்தான்.

கணக்குக்காக 7.62 மி.மீ. தோட்டா ஒன்றை எடுத்துக்கொண்டேன். எடை 11 கிராம் சொச்சம், குழலை விட்டு வெளியே வரும்போது வினாடிக்கு 790 மீட்டர் வேகம். (தாத்தாவின் எஃப்.ஆர். எஃப்1 துப்பாக்கி 7.5 மி.மீ.; கொஞ்சம் வித்தியாசம் வரும், படம் மாறாது.) காற்றே இல்லாத உலகமாக இருந்தால் 600 மீட்டர் போவதற்குள் அது குழலின் நேர்கோட்டிலிருந்து 2.83 மீட்டர் விழும். எங்க ஊர்க் காற்றில் சுட்டால் விழுவது சுமார் 3.8 மீட்டர். அந்த உபரி ஒரு மீட்டர் இருக்கே, அது காற்றின் வேலை. காற்று தோட்டாவை மெதுவாக்குகிறது, அதனால் பறக்கும் நேரம் கூடுகிறது, அதனால் கூடுதலாக விழுகிறது.

இப்போ மலைக்குப் போவோம். ஆல்ப்ஸ் எதுக்கு, நம்ம ஊட்டியே போதும், உயரம் கிட்டத்தட்ட 2,240 மீட்டர். தவளக்குப்பத்தில் மே மாச வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. ஊட்டியில் 15 டிகிரி குளிர்ச்சியில் சுமார் 0.93 கிலோ. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்று காணோம். அப்படியென்றால் காற்றால் வந்த அந்த உபரி ஒரு மீட்டரிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் காணாமல் போகும். எனக்கு வந்த விடை 23 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாண்.

முழத்தில் பாதி. தாத்தா பெரிசுபடுத்திச் சொல்லியிருப்பார் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். வயசானவர், நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை. அந்த நினைப்புக்காகப் பிறகு வெட்கப்பட வேண்டியிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால், தூரத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்த்தேன், அதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். இங்கே கடலோரத்தில் சரிபார்த்த துப்பாக்கியை அப்படியே ஊட்டிக்கு எடுத்துப் போய் 100 மீட்டரில் சுட்டால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 300 மீட்டரில் 2 சென்டிமீட்டர். 500-ல் 12. 800-ல் 66 சென்டிமீட்டர். தூரம் எட்டு மடங்கு ஆனால் பிழை எட்டு மடங்கு ஆகவில்லை, பல நூறு மடங்கு ஆகிறது. காற்று முதல் நொடியில் செய்கிற சின்ன வேலை, பிறகு வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம். மலைக்குப் போனதும் மறுபடியும் ஜீரோ பண்ணணும் என்று பலரும் சொல்வார்கள். ஜீரோ என்பது வழக்கமாக 100 மீட்டரில் ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி செய்வது. அந்த 100 மீட்டர் ஜீரோ உயரத்தால் மாறவே மாறாது. பயணத்தில் ஸ்கோப் அடிபட்டு நகர்ந்திருக்கலாம், அதற்காகச் சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் அது வேறு கதை. மாறுவது தூரத்துக்கான க்ளிக் கணக்கு. இன்றைய ஸ்கோப்புகளில் ஒரு க்ளிக் என்பது பெரும்பாலும் 0.1 மில், 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர், 800 மீட்டரில் 8 சென்டிமீட்டர். ஆக 800 மீட்டர் குறிக்கு ஊட்டியில் 8 க்ளிக் குறைக்க வேண்டும். இமயமலையில் 5,000 மீட்டர் உயரத்தில் என்றால் பிழை 1.28 மீட்டர், 16 க்ளிக். 100 மீட்டரில் ஜீரோ கச்சிதமா இருக்கு என்று நம்பிப் போகிறவர் தூரத்தில் ஏமாறுவது இங்கேதான்.

உயரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் தோட்டாவுக்கு உயரம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எதிரே எவ்வளவு காற்று என்பது மட்டும். அதனால் ஒரே இடத்திலேயே மே மதியத்துக்கும் மார்கழி விடியலுக்கும் விடை வேறு. குளிர்ந்த காற்று அடர்த்தி, சூடான காற்று லேசு. திராஸில் (3,280 மீட்டர்) மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் காற்றின் அடர்த்தியும், ஊட்டியில் 15 டிகிரியில் இருக்கும் காற்றின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு கிலோமீட்டர் உயர வித்தியாசத்தைக் குளிர் சாப்பிட்டு விடுகிறது.

ஈரப்பதம்? எங்க ஊர் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், காற்று கனமாக இருக்கு என்பார்கள். உண்மையில் நேர்மாறு. நீராவியின் மூலக்கூறு எடை 18, வறண்ட காற்றின் சராசரி 29. நீராவி கலந்தால் காற்று லேசாகும். வேர்வை காயாததால் நமக்குத்தான் கனம். ஆனால் இதன் பாதிப்பு ஒரு சதவீதம், ரெண்டு சதவீதம்தான். விட்டுவிடலாம்.

விடக்கூடாத ஒன்று காற்றழுத்தம், ஏனென்றால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நானே விழுந்தேன். போனில் கணக்குப் போடும் செயலிகள் கிடைக்கின்றன. அதில் ஊட்டிக்கான அழுத்தத்தைப் போட வேண்டிய இடத்தில், வானிலைப் பக்கத்தைப் பார்த்து 1,012 மில்லிபார் என்று போட்டேன். வந்த விடை தவளக்குப்பத்து விடையேதான்! அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. வானிலைச் செய்தியில் சொல்லப்படும் அழுத்தம், அந்த இடம் கடல் மட்டத்தில் இருந்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்று திருத்தப்பட்ட எண். அப்போதுதான் சென்னையையும் ஊட்டியையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிட முடியும். ஊட்டியில் கையில் ஒரு அழுத்தமானியை வைத்துப் பார்த்தால் 775 மில்லிபார் பக்கம் காட்டும். அதுதான் தோட்டாவுக்கு வேண்டிய எண். செயலியில் உயரத்தையும் தனியாகக் கொடுத்தால் அதுவே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. இல்லாவிட்டால் திருத்திய எண்ணைப் போட்டு 800 மீட்டரில் 66 சென்டிமீட்டர் தவறவிட வேண்டியதுதான்.

இப்போ அந்த மீதிச் சாண்.

ரெண்டு நாள் கழித்துத் தாத்தாவிடம் போனேன். என் தாளைக் காட்டினேன், ஒரு சாண்தான் வருது என்றேன். அவர் கோபப்படவில்லை. "முழம்தான். நான் அளந்தேன்" என்று மட்டும் சொன்னார். குறி எங்கே இருந்துச்சு தாத்தா என்று கேட்டேன். "எதிர்ச் சரிவுல. மேல. கழுத்து வலிக்கிற மாதிரி அண்ணாந்து சுடணும்."

அதைக் கேட்டதும் தாளைச் சுருட்டிவிட்டேன். சரிவில் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ சுடும்போது, ஈர்ப்பு தோட்டாவின் பாதைக்குக் குறுக்கே முழுசாக வேலை செய்வதில்லை. கணக்கில் வருவது கிட்டத்தட்டக் கிடைமட்டத் தூரம் மட்டும்தான். 20 டிகிரி சரிவில் 600 மீட்டர் தள்ளியிருக்கும் குறியின் கிடைமட்டத் தூரம் 564 மீட்டர். ஸ்கோப்பிலோ 600-க்கு வைத்திருக்கிறது. விளைவு, குண்டு மேலே போகும். எவ்வளவு? சுமார் 21 சென்டிமீட்டர். இன்னொரு சாண். ரெண்டு சாண் ஒரு முழம்.

மேலே பார்த்துச் சுட்டால் கீழே விழும், கீழே பார்த்துச் சுட்டால் மேலே போகும் என்று நம் மனசு சொல்லும். இல்லை, ரெண்டுக்குமே மேலேதான் போகும். மலையில் மெலிந்த காற்றும் சரிவும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. எதிர்ப்பக்கம் இழுப்பது குளிர் மட்டும்: காற்று இறுகும், தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தும் குளிரில் மந்தமாக எரிந்து, வேகம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் குறையலாம்.

இந்தியாவில் இந்தக் கணக்குக்கு உயிரே விலையாக இருந்த இடம் கார்கில். 1999 கோடையில் நடந்தது. அங்கே இந்தப் பாடம் ரைபிளைவிடப் பீரங்கிக்கும் விமானத்துக்கும்தான் அதிகம் பொருந்தியது, ஏனென்றால் தூரம் கூடக்கூடப் பிழை எப்படிப் பெருகுகிறது என்று மேலே பார்த்தோம். போஃபர்ஸ் 155 மி.மீ. பீரங்கி சாதாரணக் குண்டை சுமார் 24 கிலோமீட்டர் எறியும் என்பது சமவெளிக் கணக்கு. திராஸ் பள்ளத்தாக்கிலிருந்து சுடும்போது அந்தக் குண்டு புறப்படும் இடமே 3,000 மீட்டருக்கு மேல், பிறகு அது இன்னும் மெலிந்த காற்றுக்குள் ஏறுகிறது. அதே மருந்துக்கு அதைவிட அதிக தூரம் போகும். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கு. ஆனால் குறி ஒரு மலைமுகடு. கொஞ்சம் தள்ளிப் போனால் குண்டு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளத்தில் விழுந்துவிடும். கொஞ்சம் முன்னால் விழுந்தால், கீழே சரிவில் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டிருப்பது நம் காலாட்படை. டோலோலிங் ஜூன் 13-ம் தேதியும் டைகர் ஹில் ஜூலை 4-ம் தேதியும் மீட்கப்பட்டபோது, பீரங்கி வீச்சு விழ விழத்தான் வீரர்கள் ஏறினார்கள். சில இடங்களில் போஃபர்ஸை வானத்தை நோக்கி வளைவாகச் சுடாமல், ரைபிள் மாதிரி நேராகவே முகட்டைக் குறிபார்த்துச் சுட்டார்கள். பறக்கும் நேரம் குறைந்தால் காற்று கணக்கைக் குழப்பவும் நேரம் குறைவு.

விமானப் படை மே 26-ம் தேதி தாக்குதலைத் தொடங்கியது. முதல் நாட்களில் சாதாரணக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை. எதிரியின் தோளில் சுமக்கும் ஏவுகணைகளுக்குப் பயந்து உயரப் பறக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். சமவெளி உயரங்களுக்குச் சரிபார்த்த ஆயுதங்கள் மெலிந்த காற்றில் வேறு மாதிரி பறந்தது இன்னொரு காரணம். சமவெளியில் நூறு மீட்டர் தள்ளி விழுந்த குண்டும் பக்கத்தில் இருப்பவரைப் பாதிக்கும். கத்தி விளிம்பு போன்ற முகட்டில் அது வெறும் சத்தம். ஜூன் 24-ம் தேதி மிராஜ் 2000 விமானங்கள் டைகர் ஹில்லில் லேசர் வழிகாட்டும் குண்டுகளைப் போட்டன. அவை போகும் வழியிலேயே தம்மைத் திருத்திக்கொள்பவை, காற்று எவ்வளவு இருக்கு என்று முன்கூட்டியே சரியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் ஸ்கோப் பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் வருவது அதுதான். நம் நாட்டில் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு இடமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அதற்கு முன்னால் நீலகிரியில் வரையாட்டைச் சுட்டுத் தீர்த்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டிருக்காது. நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் சுட்டால் ஊட்டி உயரம் ஒன்றும் செய்யாது. ஆடுகள் குறைந்துபோய் 1877-ல் அவர்களே ஒரு சங்கம் வைத்து, 1879-ல் சட்டம் போட்டு, வேட்டைக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டிய அளவுக்குக் குறி தப்பாமல்தான் இருந்திருக்கிறது.

நீள்தூர மலை வேட்டை இன்றைக்கும் சட்டப்படி நடக்கிற இடம் ஒன்று கார்கிலுக்குப் பக்கத்திலேயே இருக்கு. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், கில்கித்-பால்டிஸ்தானில், மார்க்கோர் என்ற திருகுக்கொம்புக் காட்டாட்டைச் சுட வருஷத்துக்கு ஒரு சில உரிமங்கள் ஏலம் விடப்படுகின்றன. ஒரு உரிமம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகும், அதில் பெரும்பகுதி அந்த மலைக் கிராமங்களுக்கே. அதனால் ஊர்க்காரர்களே ஆட்டைக் காப்பாற்றுகிறார்கள் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். சரியோ தப்போ, வந்து சுடுபவர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். அவர் ஊர் கடலோரமாக இருந்து, துப்பாக்கியை அங்கேயே சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தால்?

கணக்குப் போட்டேன். உயரம் 3,000 மீட்டர், வெப்பநிலை பூஜ்ஜியம், ஆடு 500 மீட்டர் தள்ளி 30 டிகிரி மேட்டில். மெலிந்த காற்றால் 14 சென்டிமீட்டர் மேலே. சரிவால் 32 சென்டிமீட்டர் மேலே. குளிர்ந்த மருந்தால் 9 சென்டிமீட்டர் கீழே. நிகரம் 37 சென்டிமீட்டர் மேலே. இந்த அளவு விலங்கின் நெஞ்சில், சுட்டால் உடனே சாகும் பகுதி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான், 20 அல்லது 25 சென்டிமீட்டர். அதன் நடுவைக் குறிவைத்துச் சுட்ட தோட்டா முதுகுக்கு மேலே போய்விடும். அப்படிப் போனால் ஆடு தப்பிக்கும், நல்லது. மோசம் அதுவல்ல. சரிவை மட்டும் திருத்தி, காற்றையும் குளிரையும் மறந்தவருக்கு 5 சென்டிமீட்டர்தான் பிழை, அவர் தப்பித்துவிடுவார். சரிவையும் குளிரையும் திருத்தி, காற்றை மட்டும் மறந்தவருக்கு 14. அது தட்டின் விளிம்புக்குச் சற்று வெளியே. குண்டு பட்ட ஆடு, ஆள் ஏற முடியாத பாறையிடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். எத்தனை நாளில் சாகும் என்று சொல்ல முடியாது.

தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈர்ப்பு பற்றி அவருடைய சர்ஜான் சொன்னது தப்பு என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரெண்டு சாண் என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "அன்னிக்கு நாங்க எப்படிச் சரி பண்ணோம் தெரியுமா? ஒவ்வொரு குண்டுக்கும் ரெண்டு ரெண்டு க்ளிக்கா இறக்கிட்டே வந்தோம். எட்டு க்ளிக்குல சரியாச்சு."

அவர் ஸ்கோப்பில் ஒரு க்ளிக் எவ்வளவு என்று கேட்டேன். யோசித்தார். அது மறந்துபோச்சு தம்பி என்றார்.